கிரேடு எட்டுக்கு அப்புறம் எங்கே? பியானோவையே வாழ்க்கையாக எடுக்க நினைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் பியானோ சொல்லிக்கொடுக்கிற எவரிடமும் பெற்றோர் கேட்கிற கேள்வி இது. பிள்ளை டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்கிற லண்டன் இசைத் தேர்வு வாரியங்கள் ஒன்றில் கடைசிப் படியான எட்டாம் கிரேடு முடித்துவிட்டது, டிஸ்டிங்ஷனும் வாங்கியிருக்கிறது. பிளஸ் ஒன்னில் இருந்துகொண்டு, "நான் இதைத்தான் படிக்கப் போறேன், மேடையில வாசிக்கப் போறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டது. அப்பா வளைகுடாவில் இருப்பார், அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருப்பார், கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கும். "சென்னைக்கு அனுப்பட்டுமா சார், வெளிநாட்டுக்கே அனுப்பட்டுமா, இல்ல ஒரு டிகிரியை முடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியானோ இல்லாமல் இருக்க முடியாத பிள்ளையாக இருந்தால், பிளஸ் டூ முடித்ததும் ஒரு வருடம் முழுதாக ஒதுக்கி ஜெர்மனிக்குத் தயார் செய்யுங்கள். பியானோ பிடிக்கும், ஆனால் வேறு பாடமும் அதே அளவுக்குப் பிடிக்கும் என்றால் ஊரிலேயே டிகிரி, கூடவே டிப்ளமா. சென்னை இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல ஒரு நிறுத்தம். லண்டனும் அமெரிக்காவும் ஸ்காலர்ஷிப் கையில் வந்தால் மட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்த வாழ்க்கை உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது தெரியாமல் கல்லூரியை ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

மேடை வாழ்க்கை என்பது

தனிக் கச்சேரி செய்கிற பியானோ கலைஞர் இசைத்தாள் இல்லாமல், துணை இல்லாமல், எண்பது தொண்ணூறு நிமிடம் வாசிக்கிறார். அடுத்த வாரம் வேறு ஊரில், தான் இதுவரை தொட்டுப் பார்த்திராத வேறொரு பியானோவில் வாசிக்கிறார். வயலின்காரர் தன் கருவியைக் கையோடு கொண்டுபோவார். பியானோகாரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய அரங்குகளில் இருக்கிற ஸ்டைன்வே டி மாடல் 274 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 480 கிலோ எடை. போன இடத்தில் இருப்பதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையோடு பழக்கிக்கொள்ள வேண்டும். இதற்காகத் தினமும் நான்கு முதல் ஆறு மணி நேரம் சாதகம், அதுவும் பதினைந்து பதினாறு வயதிலிருந்தே.

உடம்பு தாங்குமா என்பதும் ஒரு கேள்விதான். அமெரிக்காவின் லியோன் பிளைஷர் உச்சத்தில் இருந்த 1960-களின் நடுவில், வலது கையின் விரல்கள் தானாகவே மடங்கத் தொடங்கின. முப்பது வருடத்துக்கு மேல் இடது கைக்காக எழுதப்பட்ட இசையை மட்டும் வாசித்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார், பால்டிமோரின் பீபாடி கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். 1990-களில்தான் இரண்டு கையோடு மேடைக்குத் திரும்ப முடிந்தது. கனடாவின் கிளென் கூல்டுக்குக் கை நன்றாகவே இருந்தது, மேடைதான் ஒத்துவரவில்லை. 1964-இல், 31 வயதில், பொதுக் கச்சேரியையே நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார்.

இன்னொரு உதாரணம் கிளாரா ஷூமன். 1828-இல் ஒன்பது வயதில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் மேடையில் ஏறியவர். அறுபது வருடம் வாசித்தார், எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார், கணவர் போன பிறகு கச்சேரி வருமானத்தில் குடும்பத்தைத் தாங்கினார். அப்படிப்பட்டவரும் 1878-இல் பிராங்பேர்ட்டின் ஹோக் கன்சர்வேட்டரியில் ஆசிரியை வேலையை ஏற்றார். பியானோ வாழ்க்கை வரலாறுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பி கடைசிவரை வாழ்ந்தவர்கள் மிகக் குறைவு. மற்ற எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், அல்லது மற்றவருக்குப் பக்கம் வாசித்தார்கள், அல்லது இரண்டும்.

போட்டிகள் இந்தப் படத்தைக் கொஞ்சம் மறைத்துவிடுகின்றன. 1927-இல் தொடங்கி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வார்சாவில் நடக்கும் ஷொப்பேன் போட்டி, மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டி, டெக்சஸின் வான் கிளைபர்ன் போட்டி. இவற்றில் ஜெயித்தால் பணத்தோடு ஏஜென்டும் ஒப்பந்தக் கச்சேரிகளும் சில வருடத்துக்கு வரும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சாதகம் செய்வது அந்த நாலைந்து இடத்துக்காக. பிள்ளை அந்தக் கனவைக் காணட்டும், தப்பில்லை. குடும்பம் பணக்கணக்கை மட்டும் அந்தக் கனவின் மேல் போடக் கூடாது.

நம் வீடுகளில் போனில் அதிகம் ஓடியது லிடியன் நாதஸ்வரத்தின் வீடியோ. சென்னைப் பையன், 13 வயதில், 2019-இல் அமெரிக்க சி.பி.எஸ். தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதைப் பார்த்த பெற்றோர் மனதில் பியானோ என்றால் வேகம் என்று பதிந்துவிட்டது. கல்லூரி நுழைவுத் தேர்வில் நடுவர் கேட்பது வேறு. பாக்கின் நான்கு குரல் ஃபியூகில், அதாவது ஒரே மெட்டை நான்கு குரலும் அடுத்தடுத்து எடுத்துப் பின்னுகிற படைப்பில், நடுக்குரல் வருகிற இடத்தில் அதை விரல் வெளியே எடுத்துக் காட்டுகிறதா, மெதுவான பகுதியில் ஒரு சுரம் அணையும்போது அடுத்தது அதே கனத்தில் வந்து சேர்கிறதா என்பதை.

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பது

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவே இதன் மேல்தான் நிற்கிறது.

இந்தப் பக்கத்துப் பியானோ பிள்ளைகளில் பெரும்பாலோர் சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள். ஞாயிறு ஆராதனையில் பாமாலை போகும், கீர்த்தனை போகும், நடுவில் யாராவது சாட்சி சொல்ல வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாட்டையும் எடுப்பார். எந்தச் சுருதியில் எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. கீபோர்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அவர் வாயைப் பார்க்கும், இரண்டு சொல் முடிவதற்குள் சுருதியைப் பிடித்துவிடும். பாட்டி ஒருவர் சரணத்தின் கடைசி அசையை நீட்டினால் கூடவே நீட்டும், மூச்சு வாங்கினால் காத்திருக்கும். டிசம்பரில் கேரல் ஒத்திகை வந்துவிட்டால் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ் என்று நான்கு வரியையும் தனித்தனியாக வாசித்துக் காட்டி, அப்புறம் சேர்த்து வாசித்து, எந்த வரி தடுமாறுகிறதோ அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு முழு உத்தியோகமே இருக்கிறது. ஜெர்மனியில் கொரெபெட்டிடோர் என்பார்கள். ஓபரா ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவின் இடத்தில் பியானோவில் வாசித்துப் பாடகரைத் தயார் செய்கிறவர். பாலே வகுப்பு, வயலின் மாணவரின் தேர்வு, பாடகரின் கச்சேரி, எங்கும் அவர் வேண்டும். இங்கிலாந்தின் ஜெரால்டு மூர் பாடகருக்குப் பக்கம் வாசித்தே உலகப் புகழ் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் பியானோ கலைஞர்களில் ஒருவரான ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர், பதின்ம வயதில் ஒடெசாவில் பாடகர்களுக்குப் பக்கம் வாசித்து, அங்கே ஓபராவிலும் ஒத்திகைப் பியானோவில் வேலை பார்த்தவர். 22 வயதில்தான் மாஸ்கோவில் நெய்ஹவுஸ் என்ற ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். நம் பிள்ளை கொயரில் கழித்த வருடங்கள் வீண் என்று சொல்கிறவர்களுக்கு நான் ரிக்டரைத்தான் காட்டுவேன்.

குறை இல்லாமலும் இல்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. பாட்டு ஏறிப் போனால் பட்டனை அமுக்கி இறக்கிவிட்டு, விரல் பழகிய, வெள்ளைக் கட்டை மட்டும் வருகிற சி மேஜரிலேயே வாசிப்பது நம் கொயர்களில் சாதாரணம். பத்து வருடம் இப்படி வாசித்த கை, கறுப்புக் கட்டை நிறைந்த டி ஃபிளாட் மேஜரில் ஒரு ஷொப்பேன் நாக்டர்ன் எடுத்ததும் திணறுகிறது. இடது கையில் வெறும் கார்டு பிடித்தே பழகியதால் நாலாவது ஐந்தாவது விரல் பலமே ஏறவில்லை. கீபோர்டின் கட்டைக்குக் கனம் இல்லை, அதனால் தோளிலிருந்து எடை இறக்கி வாசிப்பது என்னவென்றே தெரியவில்லை. எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷன் இவற்றை முழுக்க வெளியே காட்டாது. மூன்று உருப்படி, தாள் பார்த்து வாசிக்கலாம், ஸ்கேல், சைட் ரீடிங், காது சோதனை, அவ்வளவுதான். ஆடிஷன் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு இதற்கு வெகு தூரம் மேலே.

வழி ஒன்று: ஊரிலேயே டிகிரி, கூடவே டிப்ளமா

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு பி.ஏ., பி.காம்., பி.டெக். கூடவே எட்டாம் கிரேடுக்கு மேலே டிரினிட்டி நடத்தும் டிப்ளமாக்கள்: ஏ.டி.சி.எல்., அப்புறம் எல்.டி.சி.எல்., முடிந்தால் எஃப்.டி.சி.எல். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் முழுக் கச்சேரி போல வாசித்துக் காட்டுகிற தேர்வு. செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு, வாரம் ஒரு நாள் குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரத்தில் இன்னொரு நல்ல ஆசிரியரையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். எல்லையோரத்தில் இருப்பதன் லாபம் இது. பாதிப் பிள்ளைகளுக்கு மலையாளமும் வரும், அங்கே போய்த் தடுமாற மாட்டார்கள். திருவனந்தபுரத்தின் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி புகழ்பெற்றது, ஆனால் அது கர்நாடக இசைக்கானது. பியானோவுக்குத் தனி ஆசிரியரைத்தான் தேட வேண்டும்.

பெற்றோருக்குப் பிடித்த வழி இதுதான். பாதுகாப்பானது என்பார்கள். நல்ல இசை ஆசிரியராக வேண்டும் என்கிற பிள்ளைக்கு உண்மையிலேயே இது போதும். எல்.டி.சி.எல். கையில் இருந்தால் பெரிய நகரத்துப் பன்னாட்டுப் பள்ளிகளில் மரியாதையான வேலைக்கு முயலலாம், ஊரில் வகுப்பு வைத்தும் நன்றாகவே பிழைக்கலாம். ஆனால் மேடைதான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. 18 முதல் 22 வரை கை, காது, நினைவு மூன்றும் சேர்ந்து முதிர்கிற வயது. அந்த நான்கு வருடத்தில் செமஸ்டர், இன்டர்னல், பிராஜெக்ட் எல்லாம் போக ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. "டிகிரி முடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தையில் அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை. லூகா டெபார்க் என்ற பிரெஞ்சுக்காரர் பதின்ம வயதில் பியானோவை விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்து, 20 வயதில் திரும்ப வந்து, 2015 சாய்கோவ்ஸ்கி போட்டியில் நாலாம் இடம் பிடித்தார். உலகமே அவரைப் பற்றிப் பேசியதற்குக் காரணம், அப்படி நடப்பது அவ்வளவு அபூர்வம் என்பதுதான்.

வழி இரண்டு: சென்னை

சென்னைக்கும் மேற்கத்திய இசைக்கும் பழைய உறவு. மியூசி மியூசிகல் 1842-இல் தொடங்கிய கடை. இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து, அதுவும் கேரள எல்லையோர ஊர்தான், வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, டிரினிட்டி தேர்வு எழுதியது இந்த நகரத்தில். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் பியானோவை முதன்மையாக எடுத்துப் படிக்கலாம்.

சென்னையின் பலம், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒன்றாக வாசிப்பது. நம் ஊரில் நன்றாக வாசிக்கிற பிள்ளை ஒன்றோ இரண்டோதான், அதனால் தான்தான் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அங்கே பக்கத்து அறையில் தன்னைவிடச் சின்னவன் ராக்மானினோவ் வாசிப்பதைக் கேட்டதும் அந்த நினைப்பு போய்விடும். வயலின், செல்லோக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க முடியும். நடுவில் சினிமா ஒலிப்பதிவு, மேடை நிகழ்ச்சி என்று சம்பாத்தியமும் வரும்.

எனக்குக் கவலை தருவதும் அதே சம்பாத்தியம்தான். 19 வயதில் ஒரு நிகழ்ச்சிக்கு நல்ல பணம் கிடைக்க ஆரம்பித்தால் ஐந்து மணி நேர சாதகம் தானாகக் குறைகிறது. சினிமா இசை வேண்டும் என்று போகிற பிள்ளைக்கு சென்னையைவிட நல்ல இடம் இந்தியாவில் கிடையாது. தனிக் கச்சேரி வேண்டும் என்கிற பிள்ளை ஒன்றிரண்டு வருடம் அங்கே அடித்தளம் போட்டுவிட்டு வெளியே கிளம்ப வேண்டும். மும்பையில் என்.சி.பி.ஏ. என்கிற நிகழ்த்துகலை மையத்தை இருப்பிடமாகக் கொண்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006 முதல் இயங்குகிறது, ஆனால் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு நிரந்தரமாகத் தேவைப்படுவது வயலின்காரர்கள். பியானோகாரர் அங்கே அவ்வப்போது வரும் விருந்தாளிதான்.

சென்னையிலேயே இருந்துகொண்டு தனி வழி போட்டவரும் உண்டு. அனில் ஸ்ரீநிவாசன் மேற்கத்தியப் பியானோ படித்தவர். சிக்கில் குருசரணின் கர்நாடகப் பாட்டோடு பியானோவைச் சேர்த்து வாசித்து ஒரு புது ரசிகர் கூட்டத்தையே உருவாக்கினார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைக் கல்வியும் கொண்டுபோனார். கர்நாடகக் காதும் இருக்கிற பிள்ளை இந்தத் திசையையும் மனதில் வைக்கலாம்.

வழி மூன்று: ஜெர்மனி

ஜெர்மனியில் அரசு நடத்தும் இசைப் பல்கலைகள் 24. ஹோக்ஷூலே என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகப் பங்களிப்புதான். ஆனால் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு, மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் பணத்தில் சுமார் பன்னிரண்டு லட்சம். அது கட்டணமாகப் போகிற பணம் அல்ல. பிள்ளைதான் மாதம் 992 யூரோவாக எடுத்துச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் செலவழிக்கும். வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யவும் அனுமதி உண்டு. சர்ச் ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பதும், பாலே வகுப்புக்குப் பியானோ வாசிப்பதும் அங்கே இசை மாணவர்கள் வழக்கமாகப் பார்க்கிற வேலைகள்.

பணத்தைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. ஊருக்கு ஊர் அரசுப் பணத்தில் ஓபரா நடக்கிற நாடு அது. அரசு உதவி பெறும் இசைப் பள்ளிகள் 900-க்கு மேல். தனிக் கச்சேரி கிடைக்காத பியானோ கலைஞருக்கும் இசையிலேயே சம்பளத்தோடு இடம் இருக்கிறது. கொயரில் வளர்ந்த நம் பிள்ளையின் காதுக்கு உரிய விலை கிடைக்கிற இடம் என்றால் அதுதான். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

கஷ்டம் நுழைவில் இருக்கிறது. பாக்கின் பிரெலூட் ஃபியூக் ஒன்று, ஹெய்டன், மொசார்ட் அல்லது பேத்தோவனின் முழு சொனாட்டா, ஒரு ரொமான்டிக் படைப்பு, இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்று, பெரும்பாலும் ஷொப்பேனின் எட்யூட் என்கிற விரல் நுட்பப் படைப்பு ஒன்றும், எல்லாம் மனப்பாடம். உள்ளே போனால் நடுவர் குழு "பாக்" என்று மட்டும் சொல்லும். பிள்ளை தொடங்கும். ஃபியூகின் இரண்டாம் பக்கம் வரும்முன் "நன்றி, சொனாட்டாவின் இரண்டாம் பகுதி" என்று நிறுத்துவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நிறுத்தப்பட்டது பிடிக்காததால் அல்ல, தேவையானது கிடைத்துவிட்டதால் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி, வீட்டிலேயே நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழக்க வேண்டும். அப்புறம் தியரி, காது சோதனை. இதற்கு ஆசியா முழுவதிலிருந்தும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஒரு வருடத்தில் ஒரு பல்கலையில் பியானோவுக்குக் கிடைக்கிற இடமோ விரல் விட்டு எண்ணக்கூடியது.

ஜெர்மன் மொழியும் வேண்டும், பெரும்பாலும் பி1 அல்லது பி2 என்கிற நடு நிலை. இதில் நமக்கு வழி சுலபம். திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது, சென்னையில் மாக்ஸ்முல்லர் பவன். செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிற பிள்ளைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் நிறைய. பக்கத்து வீட்டு அக்காவிடமே பேசிப் பழகலாம். இந்திய மாணவர் விசாவுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும், அதைக் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பிளஸ் டூ மட்டும் போதுமா என்பது பல்கலைக்குப் பல்கலை மாறுகிறது. விண்ணப்பத்துக்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் எழுதி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

வழி நான்கு: லண்டன், அமெரிக்கா

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனின் ராயல் அகாடமி 1822-இல் பிறந்தது, ராயல் காலேஜ் 1883-இல் திறந்தது, மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன் இருக்கிறது. கிரேடு தேர்வு எழுதி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடமுறை பழக்கம், மொழியும் ஆங்கிலம். ஆனால் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல், லண்டன் வாடகை தனி. நான்கு வருடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டும். சம்பளம் நிச்சயமில்லாத தொழிலுக்காக ரப்பர் தோட்டத்தை விற்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிலடெல்பியாவின் கர்டிஸ் 1928 முதல் சேருகிற எல்லோருக்கும் கல்விக் கட்டணத்தை முழுசாகத் தள்ளுபடி செய்கிறது, ஆனால் சேருவது உலகிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. பிள்ளை அந்த உயரத்தில் இருந்தால் விண்ணப்பம் போடுங்கள், வீடியோ அனுப்புங்கள். உதவித்தொகை வந்தால் போகட்டும்.

இடத்துக்கு முன்னால் இரண்டு விஷயம்

2022-இல் வான் கிளைபர்ன் போட்டியில் 18 வயதில், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக இளையவராக ஜெயித்த யுன்சான் லிம், அதுவரை படித்தது கொரியாவில், சொந்த நாட்டில். ஆசிரியர் மின்சூ சோன் பாஸ்டனுக்குப் போனபோது அவரும் பின்னாலேயே போனார். இடம் எதுவானாலும் வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற காது யாருடையது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஜெர்மனியிலும் மாணவர்கள் பல்கலையின் பெயரைவிடப் பேராசிரியரைப் பார்த்தே விண்ணப்பிக்கிறார்கள், முன்கூட்டியே எழுதி ஒரு மாதிரி வகுப்பு கேட்பது அங்கே சகஜம்.

இன்னொன்று கருவி. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்று வேறு. ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பி, அவை இழுக்கிற இழுவிசை ஏறத்தாழ இருபது டன். காற்றின் ஈரத்தில் மரம் ஊதிக் கட்டை இறுகும், உப்பில் கம்பி துருப்பிடிக்கும், ஃபெல்ட்டை எலி இழுக்கும். அதனால்தான் பலர் டிஜிட்டலோடு நின்றுவிடுகிறார்கள். கனமுள்ள கட்டை வைத்த நல்ல டிஜிட்டல் எட்டாம் கிரேடு வரை போதும். அதற்கு மேல் அசல் பியானோ வேண்டும். கம்பிகள் நிமிர்ந்து நிற்கிற, சுவரோரம் வைக்கும் வகையான பழைய ஜப்பானிய அப்ரைட் ஒன்று வாங்கி, வெளிச்சுவரை ஒட்டாமல் உள்சுவரில் வைத்து, அடிப்பலகையைக் கழற்றி உள்ளே குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்றை மழைக்காலம் முழுக்க எரியவிட்டு, வருடம் இரண்டு தடவை டியூனரை வரவழைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். அந்தச் சில லட்சம், பிள்ளையை அவசரப்பட்டு வெளியூர் அனுப்பிச் செலவழிக்கிற சில லட்சத்தைவிடப் பயனுள்ளது.

அப்ரைட்டும் முடிவல்ல. மேடைகளில் இருக்கும், கம்பிகள் கிடையாகப் படுத்திருக்கிற கிராண்டு பியானோவில் கட்டை முழுக்க மேலே வரும் முன்பே அடுத்த தட்டலுக்குச் சுத்தி தயாராகிவிடும். எரார் 1821-இல் கண்டுபிடித்த இயந்திரம் அது. ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் இடங்கள் அப்ரைட்டில் அப்படி வராது. பெடலின் ஆழமும் வேறு. ஆடிஷனில்தான் முதன்முதலாகக் கிராண்டைத் தொடுகிற பிள்ளை பாதிச் சக்தியை அதற்கே செலவழித்துவிடும். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ கேட்டுக் கெஞ்சியாவது, மாதம் ஒரு நாள் கிராண்டில் உட்கார வையுங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது

விடுமுறையில் யாரும் சொல்லாமலே மூன்று மணி நேரம் பியானோவில் இருக்கிறதா, அதுவும் புது உருப்படியை அல்ல, ஏற்கெனவே தெரிந்ததில் எட்டு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் திரும்பத் திரும்ப? இருந்தால் அது ஜெர்மனிப் பிள்ளை. புதுசு புதுசாக எடுத்து ரசித்துவிட்டு நகர்கிற பிள்ளையும் நல்ல இசைப்பிள்ளைதான். அதற்கு ஊர் டிகிரியும் டிப்ளமாவும் சந்தோஷமான வாழ்க்கை தரும், கொயருக்கும் ஒரு நல்ல மாஸ்டர் கிடைப்பார். தானே மெட்டுப் போட்டுப் பார்க்கிற, லேப்டாப்பில் ஒலிப்பதிவு செய்கிற பிள்ளைக்குச் சென்னை.

ஜெர்மனி என்று முடிவானால் நாள்கணக்கைக் கவனியுங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலுக்குள் போக வேண்டும், ஆடிஷன் மே முதல் ஜூலைக்குள் வரும். நம் பிளஸ் டூ பொதுத்தேர்வும் மார்ச்சில்தான். இரண்டையும் ஒரே வருடத்தில் போட்டால் இரண்டும் கெடும். பிளஸ் ஒன்னிலேயே பாக்கும் எட்யூடும் தொடங்கட்டும், ஜெர்மனின் முதல் நிலையான ஏ1 அந்தக் கோடை விடுமுறையில். பிளஸ் டூவில் சாதகத்தை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காப்பாற்றினால் போதும். தேர்வு முடிந்த அடுத்த நாளிலிருந்து வருகிற ஒரு வருடம் முழுக்கப் பியானோவுக்கும் மொழிக்கும். அந்த வருடத்தைச் சென்னையில் நல்ல ஆசிரியரிடம் கழிக்க முடிந்தால் இன்னும் நல்லது. சொந்தக்காரர்கள் "பிள்ளை ஒரு வருஷத்த வீணாக்குது" என்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

நான்கைந்து பல்கலைக்காவது விண்ணப்பம் போடுங்கள். முதல் முறை கிடைக்காவிட்டால் இன்னொரு முறை முயலலாம், அங்கே பலரும் இரண்டாம் முயற்சியில்தான் நுழைகிறார்கள். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை என்றால் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஜூலையிலேயே சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ டிகிரியில் சேர்த்துவிடுங்கள். ஆடிஷனுக்காகத் தயார் செய்த உருப்படிகளையே நல்லபடி அடுக்கினால், அந்த வருடமே எல்.டி.சி.எல். தேர்வுக்கு உட்காரலாம்.